நாட்டு மாட்டுப் பாலுக்கு இரட்டிப்பு விலை ஏன்?

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் போகும் வழியில், நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம். கரும்பு விளையும் பூமி. கரும்புத் தோகை மாட்டுக்கும் தீனியாகிறது. பிள்ளைக்குப் பால் வாங்கும் தாய்மார்கள் இங்கும், தமிழ்நாடு எங்கும் இன்று கேட்கும் கேள்வி இதுதான்: "நாட்டு மாட்டுப் பாலா, சீமை மாட்டுப் பாலா?"

கேள்வி நியாயமானதே. மாட்டின் இனம் மாறினால் பாலின் சத்தும் மாறுகிறது. ஹோல்ஸ்டீன் பசுவின் பாலில் கொழுப்பு நூற்றுக்கு சுமார் மூன்றரைப் பங்கு. ஜெர்சிப் பாலில் ஐந்து. எருமைப் பாலில் ஏழு வரை இருக்கும். காப்பி கெட்டியாக இருப்பது அதனால்தான். நம் நாட்டுப் பசுக்களின் பாலில் பெரும்பாலும் நாலு, நாலரை. ஆனால் இனம் மட்டுமே காரணம் அல்ல. தீனியைப் பொறுத்தும் மாறும். ஒரே மாட்டில், முதலில் கறக்கும் பாலைவிடக் கடைசியில் கறக்கும் பாலில் கொழுப்பு அதிகம். கறப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி.

இப்போது 'ஏ 2 பால்' என்று ஒன்றை இரட்டிப்பு விலைக்கு விற்கிறார்கள். அது என்ன? பாலில் உள்ள ஒரு புரதத்தை 209 மணிகள் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 67-வது மணி சில சீமைப் பசுக்களுக்கு வேறு மாதிரி இருக்கிறது. அது ஏ 1. நம் நாட்டு இனங்களில் அநேகமாக எல்லாமே ஏ 2. ஏ 1 பாலால் நீரிழிவும் இருதய நோயும் வரும் என்ற சந்தேகத்தை நியூஸிலாந்து விஞ்ஞானிகள் கிளப்பினார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் ஆராய்ந்து பார்த்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொல்லிவிட்டது. ஏ 2 பால் குடித்தால் வயிற்று மந்தம் குறைகிறது என்று சில சிறிய சோதனைகள் சொல்வது உண்டு. அவ்வளவுதான்.

2024 ஆகஸ்டு 21-ந் தேதி, பால் உறைகளில் ஏ 1, ஏ 2 என்று அச்சிடக் கூடாது என மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஐந்தே நாளில் அதை வாபஸ் வாங்கிக்கொண்டது! கலந்து ஆலோசிக்க வேண்டுமாம். குழப்பம் பால் வாங்குகிறவர் தலையில் விழுந்தது.

விற்பவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. எருமைப் பாலும் ஏ 2 தான். ஆட்டுப் பாலும் அப்படியே.

அப்படியானால் நாட்டு மாட்டுப் பாலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீணா? அப்படிச் சொல்ல மாட்டேன். தஞ்சைப் பக்கத்து உம்பளச்சேரி மாடு, சேற்றில் உழுவதற்கென்று வளர்த்த இனம். அது நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தாலே பெரிது. கலப்பு ஜெர்சி அதைப்போல் பல மடங்கு கறக்கும். கூட்டுறவுச் சங்கமோ கொழுப்பையும் மற்றத் திடச் சத்தையும் அளந்துதான் பணம் தருகிறது, இனத்தைக் கேட்பதில்லை. நாட்டு மாடு வைத்திருப்பவருக்குக் கூடுதல் விலை கிடைக்காவிட்டால் மாடு சந்தைக்குப் போய்விடும். அந்தக் கூலியை மனமுவந்து கொடுக்கலாம். மருந்து என்று நம்பி, கடன் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

பால் குடித்தால் உடம்பு தடிக்கும் பிள்ளைக்கு ஏ 2 பாலும் ஆகாது. டாக்டரிடம் காட்டுங்கள்.