பாதுகாத்த மாதிரிகள் பயன்பட வேண்டாவா?

1959-ஆம் ஆண்டில், அந்நாளைய பெல்ஜியன் காங்கோவின் தலைநகராகிய லியோபோல்ட்வில் நகரில் ஒருவரிடமிருந்து சிறிது இரத்தம் எடுக்கப்பட்டது. எய்ட்ஸ் என்னும் நோயின் பெயரையே உலகம் அறியாத காலம் அது. வேறோர் ஆராய்ச்சிக்கென எடுத்த அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. வைரஸின் மரபுப்பொருள் இருந்ததென 1998-இல் வெளியிடப்பட்டது. அதே நகரில் 1960-இல் எடுத்து மெழுகில் பதித்து வைத்த திசுத்துணுக்கு ஒன்றிலும் இவ்வைரஸ் பின்னர்க் காணப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்ட விஞ்ஞானிகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது மனிதரிடையே பரவத் தொடங்கியிருக்க வேண்டுமென 2008-இல் கணித்தனர்.

அமெரிக்காவில் 1984-இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில் பல நகரங்களின் ஆடவர்களிடமிருந்து இரத்தம் பெற்றுச் சேமிக்கப்பட்டது. வைரஸின் அளவைக் கணக்கிடும் முறை பின்னரே தோன்றியது. அம்முறையால் 180 பேரின் பழைய மாதிரிகளைச் சோதித்தபோது, தொடக்கத்தில் வைரஸ் மிகுந்திருந்தவர்களிடம் நோய் விரைந்து முற்றியது புலனாயிற்று. இம்முடிவு 1996-இல் வெளிவந்தது. அவர்களுடைய உடல்நிலை பத்தாண்டுகளுக்கு மேலாகக் குறித்து வைக்கப்பட்டிராவிடில் அம்மாதிரிகளால் ஒன்றும் விளங்கியிராது. ஆகவே, மாதிரியோடு விவரமும் சேர்ந்து வழங்கப்படுதல் இன்றியமையாதது.

சேகரித்தவர் உழைப்பு வீணாகுமோ என்னும் அச்சம் நியாயமானதே. எடுக்க எடுக்க மாதிரி குறையும் என்பதும் உண்மையே. எனினும், பூட்டி வைத்தல் இதற்குப் பரிகாரமன்று. ஒவ்வொரு நிலையமும் தன்னிடமுள்ள மாதிரிகளின் பட்டியலை வெளியிடுதல் வேண்டும். கேட்போரின் தகுதியை ஒரு குழு ஆராய்ந்து குறித்த காலத்தில் முடிவு கூறுதல் வேண்டும். சேகரித்தவருக்கு ஆராய்ச்சியின் பெருமையில் உரிய பங்கு கிடைத்தல் வேண்டும்.

இவை அனைத்தினும் முதன்மையானது, இரத்தம் அளித்தவரின் உரிமை. இந்நோயாளர்க்கு நோயைவிட ஊரார் இகழ்ச்சியே பெருந்துன்பம் தருவதுண்டு. இந்தியாவில் 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஆராய்ச்சிக்கு அறிந்து அளித்த இசைவையும், விவரங்களின் பாதுகாப்பையும் கட்டாயமாக்கியுள்ளது. பெயருக்குப் பதிலாகக் குறியெண் இடுவதோடு, பிற நிலையங்கள் பிற்காலத்தில் பயன்படுத்தலாமா என்பதையும் இசைவு பெறும்போதே கேட்டுவிடுதல் நலம். அவர் மறுத்தால் அம்மாதிரி அங்கேயே இருக்கட்டும். அவர் மனமுவந்து இசைந்தபின் அதைப் பயனின்றி உறைய விடுவது, அவர் செய்த ஈகையைப் புறக்கணிப்பதாகும்.