நாயகர் பலர் கூடினால் போதுமா?

திரைப்படத்தைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவது தகுமா எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாகப் போற்றும் நாம், அதன் வழித்தோன்றலைப் புறக்கணித்தல் முறையன்று. மாணவர் தம் பொழுதையும், மக்காச்சோளமும் பருத்தியும் விளைவிக்கும் பெற்றோரின் உழைப்பின் பயனையும் அதற்குச் செலவிடுகின்றனர். ஆதலின் அதன் நிறைகுறைகளை ஆய்ந்துரைப்பது நம் கடமையே.

வீரர் பலர் ஓரணியில் திரளும் படங்கள் இன்று பெருகியுள்ளன. அவற்றுட் சில நெஞ்சில் நிலைக்கின்றன. சில வெற்று ஆரவாரமாய் ஒழிகின்றன. காரணம் யாது? பிறரால் நிரப்பவியலாத ஓர் இடம் ஒவ்வொரு நாயகனுக்கும் கதையில் உண்டா என்பதே உரைகல் என்பது நம் துணிபு.

2012ஆம் ஆண்டின் 'அவெஞ்சர்ஸ்' படத்தை நோக்குவோம். அயர்ன் மேன், தார், கேப்டன் அமெரிக்கா ஆகியோர் 2008 முதல் 2011 வரை வந்த தனிப்படங்களில் முன்னரே அறிமுகமானவர்கள். அவர்கள் முதலில் முரண்பட்டு, பின்னரே ஒன்றுபடுகின்றனர். 2017இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' படத்திலோ அறுவருள் நால்வருக்கு அத்தொடரில் முன்பு தனிப்படமே இல்லை. அறிமுகமும் நட்பும் போரும் ஒரே படத்தில் நெருக்கியடித்து நின்றன. பழகாதவரின் துயரம் நம்மை எங்ஙனம் தொடும்?

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இணைந்து நடித்த ஒரே படம் 1954இல் வெளிவந்த 'கூண்டுக்கிளி'. நண்பன் மனைவியை விரும்புபவராகச் சிவாஜி நடித்தார். இருபெரும் நடிகர் இருந்தும் படம் வெற்றி பெறவில்லை. ஒருவர் உயர மற்றவர் தாழவேண்டிய கதையில் இருசாராரின் அன்பர்களும் ஒருசேர மகிழ்தல் அரிது. 1991இல் வந்த 'தளபதி'யிலோ ரஜினிகாந்தும் மம்முட்டியும் ஒருவரையொருவர் உயர்த்தினர். கர்ணன், துரியோதனன் நட்பின் சாயலில் அமைந்த அக்கதையில், ஒருவரை நீக்கினால் மற்றவர் வாழ்வும் பொருளிழக்கும்.

கல்கியின் புதினத்தைத் தழுவி 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்த 'பொன்னியின் செல்வன்' நம் மண்ணுக்கு இன்னும் நெருக்கமானது. அரசிளங்குமரர் பலர் உலவும் அக்கதையை இணைப்பவன் அரியணை ஏதுமில்லாத வந்தியத்தேவன். ஓலை சுமந்து செல்லும் தூதன். மலர்களைத் தொடுக்கும் நார் அவனே. எதிரணியில் நிற்கும் பழுவேட்டரையரோ நம் அரியலூர் மாவட்டத்துப் பழுவூரை ஆண்ட குடியினர். சோழரோடு மணவுறவு கொண்டு, போர்களில் அவர்க்குத் துணைநின்றதாக வரலாறு கூறும் மரபினர். கதையில் சதி செய்யும் பெரிய பழுவேட்டரையரும் சோழநாட்டின் நலத்தை நாடியவரே. எதிர்நிற்பவர்க்கும் ஒரு நியாயம் இருக்கும்போதே வீரரின் கூட்டணிக்கு மதிப்பு உண்டாகிறது.

தலையாலங்கானத்தில் இருபெரு வேந்தரும் ஐந்து வேளிரும் ஒன்றுகூடியும், இளையனாகிய பாண்டியன் நெடுஞ்செழியனிடம் தோற்றனர். பகைவன் ஒருவன் என்பது மட்டும் உறவாகிவிடாது. அரியலூரில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் அருகருகே கிடந்தால் சிமெண்டு ஆவதில்லை. அரைபட்டு, சூளையில் வெந்தபின்னரே பிணைக்கும் ஆற்றல் பெறுகின்றன.

எனவே, புகழ்பெற்ற முகங்களை ஒரே சுவரொட்டியில் அடுக்கி நுழைவுச்சீட்டு விற்கும் போக்கை நாம் ஏற்பதற்கில்லை. அது கதையாசிரியனைச் சிறுமைப்படுத்துவதோடு, சிறு பாத்திரங்களையும் விழுங்கிவிடுகிறது. நாளை நம் முத்தமிழ் விழாவுக்கு நாடகம் எழுதவிருக்கும் மாணவர், நான்கே வரி பேசும் காவலனுக்கும் ஒரு தேவையை வகுத்துத் தருவாராக. அவன் இன்றிக் கதை நகராது என்னும் நிலையை ஆக்கிவிட்டால், அரசன் வேடமிட்டவனும் தானே உயர்வான்.