பாதையும் அக்கரையும்

கிண்ணியாவில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல. துறையடியிலிருந்து ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றிப்போன மிதவையும் பாதைதான். 2009 ஒக்டோபரில், சவூதி உதவியில் கட்டிய 396 மீற்றர் பாலம் திறந்ததும் அந்தப் பாதைக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேண்டியிருந்தது அக்கரைதானே. நம் இலட்சியங்களும் இப்படி ஏறிப்போகும் பாதைகள்தான் என்பது என் கட்சி. உயர்தரத்தில் பயோ எடுக்கும் பிள்ளை “டொக்டராகணும்” என்கிறது. அந்தச் சொல்லுக்குள் நோய் தீர்க்கும் ஆசை இருக்கலாம்; பெயருக்கு முன்னால் வரும் பட்டம் இருக்கலாம்; உம்மாவின் கனவும், மாமி மகனுக்குக் கிடைத்துவிட்டதே என்ற எரிச்சலும் இருக்கலாம். பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கெடுப்பது மூன்று தடவைதான். மூன்றாவது தடவையும் இசட் புள்ளி கைவிடும் நாளில் உள்ளே கிடந்தது எது என்று தெரிந்துவிடும். நோய் தீர்க்க நினைத்தவர் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பார். பட்டத்தை நினைத்தவருக்கு அந்த விண்ணப்பமே அவமானம்.

இது நமக்குப் புதுப்பாடமும் இல்லை. நோன்புக்கு நிய்யத் (எண்ணம்) வைத்துப் பழகிய ஊர் இது. புகாரி தொகுப்பின் முதல் ஹதீஸே அதைப் பற்றியதுதான்: ஹிஜ்ரத் என்ற ஒரே பயணத்தை ஒருவர் இறைவனுக்காகப் போகலாம், இன்னொருவர் ஒரு பெண்ணை மணக்கப் போகலாம். கட்டாருக்கு விமானம் ஏறும்போது மட்டும் அந்தக் கணக்கை விட்டுவிடுகிறோம். கடன்காரன் வாசலில் நிற்கையில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். நியாயம், கடனுக்காக விமானம் ஏறுபவருடைய காரணம்தான் வாசலிலேயே நிற்கிறதே, தோண்டத் தேவையில்லை. கடன் தீர்ந்த பிறகும் மேல்மாடிக்காக இன்னும் இரண்டு வருடம் ஒப்பந்தம் போடுகிறாரே, அப்போது அந்த மாடி யார் பார்ப்பதற்கு என்று கேட்கலாம். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மனிதர் தம் செயலுக்குச் சொல்லும் காரணம் பல வேளை பொருத்தமாகத் தோன்றும் ஊகம் மட்டுமே என்று நிஸ்பெட், வில்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1977இலேயே வாதிட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வாயை நம்ப வேண்டாம் என்கிறேன். இந்தக் காரியத்தை முடித்தபின் ஒருவரிடமும் சொல்ல முடியாது என்றால், அப்போதும் கை இதைச் செய்யுமா?

முதலில் இலக்கை முடிப்போம், காரணத்தைப் பிறகு பார்ப்போம் என்பவர்களும் உண்டு. இதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் நடந்தது அதுதான். புதுப் பாலம் கட்டத் தொடங்கியதில் பழைய வழி அடைபட்டது. பாலம் எதற்கு? பிள்ளைகள் பத்திரமாகப் பாடசாலைக்குப் போய்வர. பாலம் எழும்வரை அந்தப் பிள்ளைகளை ஓர் இழுவைப் படகில் ஏற்றினார்கள். 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள், பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில்.