பீடித்தட்டும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

பத்தாம் வகுப்புக் கணக்குக்குப் பீடி சுற்றும் தாயால் உதவ முடியாது, டியூஷனே வழி என்ற வாதம் பீடி சுற்றும் ஊர்களான முக்கூடல், மேலப்பாளையம் வீடுகளை அறியாதது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பதே பாடத்தில் வரும் நேர் மாறல்தான். வரைபடத்துக்கும் சாய்வுக்கும் அன்றாட நாளிதழே போதும். 143 அடி உயரப் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை நாளிதழ்கள் தருகின்றன. அதை வரைபடத்தாளில் நாள்வாரியாகக் குறித்தால், இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு, நீர்மட்டம் ஏறிய அல்லது இறங்கிய வீதம்.

தாய்க்கு விடை தெரிய வேண்டியதில்லை. “இந்த வரி எப்படி வந்தது?” என்று கேட்டால் போதும். பிள்ளை திணறும் இடமே புரியாத இடம். பலருக்கு அது கீழ்வகுப்புப் பின்னமாகவோ கழித்தல் குறியாகவோ இருக்கும். நெரிசலான டியூஷனில் ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்படி நின்று கேட்க நேரமேது? வடிவியல் நிரூபணத்துக்கு ஆசிரியர் தேவைதான். ஆனால் அதில் எழும் சந்தேகத்தைக் குறித்துவைத்து மறுநாள் பள்ளியிலேயே கேட்கலாம்.