உப்புகூடவா ஆர்கானிக்?

கருப்பட்டி ஆர்கானிக், கடலை எண்ணெய் ஆர்கானிக், சீயக்காய்த்தூள் ஆர்கானிக். சரி, போகட்டும் என்று விட்டால், கல் உப்புப் பொட்டலத்திலும் அதே பச்சை எழுத்து! உப்பை யார் விதைத்தார்கள்? யார் உரம் வைத்தார்கள்? எந்தப் பூச்சிக்கு மருந்து அடிக்காமல் விட்டார்கள்? பாத்தியில் உப்புநீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து வாருகிறார்கள். அதற்கு இப்படி ஒரு பட்டம், பட்டத்துக்கு ஒரு விலை.

வேதியியல் கணக்குப்படி பார்த்தால் கூத்து இன்னும் பெரிது. அங்கே ஆர்கானிக் என்றால் கார்பன் சேர்மம். நம் பள்ளிப் புத்தகத்தின் 'கரிம வேதியியல்'. உப்பில் இருப்பது சோடியமும் குளோரினும். கார்பன் மருந்துக்குக்கூடக் கிடையாது. ஆனால் மண்ணெண்ணெய் ஆர்கானிக், பிளாஸ்டிக் பை ஆர்கானிக், பூச்சிக்கொல்லி டி.டி.டி.யும் ஆர்கானிக்! இவற்றையெல்லாம் மிஞ்சியது யூரியா. கரிமப் பொருள்கள் உயிருள்ள உடலில்தான் உண்டாகும் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1828இல் ஜெர்மானியர் ஃபிரெடரிக் வோலர் சிறுநீரில் இருக்கும் யூரியாவை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். கரிம வேதியியல் பாடத்தில் அந்த யூரியாவுக்கு முதல் மரியாதை. அதே யூரியாவை வயலில் ஒரு கை வீசினால், விளைந்த நெல் ஆர்கானிக் இல்லை.

சொல்லின் பூர்வீகம் கிரேக்கம். 'ஆர்கனான்' என்றால் கருவி. தேவாலயத்தில் வாசிக்கிற ஆர்கனும் அந்த வழிதான், உடம்பின் உறுப்பைச் சொல்லும் ஆர்கனும் அந்த வழிதான். உறுப்பிலிருந்து உயிருள்ள எல்லாவற்றுக்கும் போயிற்று. அதை விவசாயத்துக்கு இழுத்து வந்தவர் இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு, 1940இல் வெளிவந்த தம் நூலில். மண்ணும் பயிரும் மாடும் மனிதரும் ஓருடலாக இயங்குகிற பண்ணை என்று பெரிதாக யோசித்தவர் அவர், பாவம்.

அப்படி ஒரு பண்ணைக்காக உழைப்பவரை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. முறையாகச் சான்று வேண்டுமானால், ரசாயனம் தொடாமல் ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டும், தென்னை, மா போன்றவற்றுக்கு 3 ஆண்டும் நிலத்தை மாற்றுக்காலத்தில் வைத்திருக்க வேண்டும். விளைச்சல் பெரும்பாலும் குறையும். ஆர்கானிக் என்று சொல்லி விற்கவும் முடியாது. அவர் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க, இங்கே ஒரே மாலையில் ஸ்டிக்கர் அச்சாகி வந்துவிடுகிறது.

விதி இல்லாமலும் இல்லை. பொட்டலத்தில் வரும் ஆர்கானிக் உணவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. இலையும் சரிக்குறியும் சேர்ந்த 'ஜைவிக் பாரத்' முத்திரை பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்றது அந்த ஒழுங்குமுறை. நம்மிடம் நேரடியாக விற்கிற சிறு விவசாயிக்கு விலக்கு உண்டு. அவரைப் போட்டுக் குடையாதீர்கள். கடைப் பொட்டலம் என்றால், முன்பக்கத்துப் பச்சை எழுத்தைப் பார்த்து மயங்காமல் முத்திரையைத் தேடுங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் வாய்விட்டே கேளுங்கள். உப்புக்கு மட்டும் கேட்கவே வேண்டாம், அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.