மிதக்கும் கல்

மாடியில் ஒரு ரூம் போடலாம் என்றதும் இன்ஜினீயர் உதட்டைப் பிதுக்கினார். "பழைய வீடு சார். பீம் அவ்வளவு வெயிட் தாங்காது. ஏ.ஏ.சி. பிளாக் வெச்சுக் கட்டுங்க."

மறுநாள் லாரியில் வந்து இறங்கியது. இரண்டடி நீளம், சாம்பல் நிறம், உடைத்துப் பார்த்தால் ரஸ்க் மாதிரி உள்ளே பொடிப்பொடி ஓட்டைகள். கொத்தனார் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "என்ன சார், தெர்மோகோலா?" என்றார். சந்தேகம் தீரத் தண்ணீர் டிரம்மில் போட்டார். மிதந்தது.

"ராமர் பாலத்துக் கல்லே ராம நாமம் எழுதினப்புறம்தான் மிதந்துச்சு. இதுல என்ன எழுதியிருக்கு?"

"ஐ.எஸ்.ஐ." என்றேன்.

விஷயம் இதுதான். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்ததும் புகையோடு கிளம்பும் நைஸ் சாம்பலைப் பிடித்து வைக்கிறார்கள். அதில் சுண்ணாம்பு, சிமென்ட், ஜிப்சம், தண்ணீர் கலந்து, ஒரு சிட்டிகை அலுமினியப் பவுடர். உடனே ஹைட்ரஜன் குமிழ் விட்டு இட்லி மாவு போலப் பொங்குகிறது. கம்பியால் துண்டு போட்டு, ராட்சச பிரஷர் குக்கரில் பல மணி நேரம் வேக வைத்தால் கல் ரெடி. 1920களில் ஸ்வீடன்காரர் ஆக்ஸெல் எரிக்ஸன் கண்டுபிடித்த முறை. செங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 1,800 கிலோ என்றால் இது 600 சொச்சம். (பொங்க வைக்காத சாதா ஃப்ளை ஆஷ் செங்கல் வேறு. அது கனம்தான்.)

செங்கலுக்கு மண் வேண்டும். எங்கள் பெரியப்பா, "மேல்மண்தானே" என்று வயலைச் சூளைக்காரருக்குத் திறந்துவிட்டார். இப்போது அங்கே விளைவது தவளை மட்டும். இதற்கோ, கொட்ட இடமில்லாமல் குவிந்து கிடக்கும் சாம்பல் போதும்.

முழுப் புண்ணியமும் இல்லை. சிமென்ட்டுக்கும் நீராவிக்கும் எரிபொருள் வேண்டும். கல் ஈரம் குடிக்கும். பூச்சு ஒழுங்காக இருக்க வேண்டும். சாதா ஆணி நிற்காது. மாமனார் படத்தை மாட்ட ஸ்பெஷல் பிளக் வாங்கினேன்.

சித்தாள் அம்மா ஒரு கல்லைத் தலையில் வைத்து மாடி ஏறினார். 12 செங்கல் அடைக்கிற இடத்தை அது ஒன்றே அடைக்கும். செங்கலாக இருந்தால் 36 கிலோ. இது சுமார் 15.

"எப்படிம்மா இருக்கு?"

"இருபது வருஷமா செங்கல் சுமக்கறேன் சாமி. கழுத்தெலும்பு தேஞ்சு போச்சு. இதை முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?"

1920கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.