பழைய வண்டியும் புதிய பிரேக்கும்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரிடையே தீராத வழக்கொன்று உண்டு. டிரம் பிரேக்குடன் பிறந்த வண்டிக்கு டிஸ்க் பிரேக் பூட்டலாமா, கூடாதா என்பதே அது. 'பூட்டினால் வண்டியின் பழமை கெட்டது' என்பர் ஒரு சாரார். 'இன்னுமா இந்த இரும்புச் சட்டியை நம்புவது?' என்பர் மறு சாரார். பூட்ட வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால், பூட்டுவோரில் பலர் செய்வது அரைகுறை வேலை. அதைவிடப் பழைய டிரம்மே மேல்.

நாம் வாழும் கொல்கத்தாவுக்கு இவ்வழக்கு அயலானதன்று. 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை அம்பாசடர் பிறந்த உத்தரபாரா, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில்தான் இருக்கிறது. அவ்வண்டி நெடுங்காலம் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடனேயே வந்தது. பிற்காலத்து வகைகள் சிலவற்றில்தான் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. பத்மினியின் கதையும் அத்தகையதே. இத்தாலியில் 1966இல் வந்த பியட் 1100 ஆர் முன்சக்கரங்களில் டிஸ்க் பெற்றது. அதற்கு முந்திய 1100 டி வகையையொட்டிய நம் பத்மினியோ டிரம்முடனேயே நின்றது.

டிரம்மை இகழ்வது அறிவுடைமை அன்று. சக்கரம் சுழலும் திசையே பிரேக் ஷூவை இழுத்து டிரம்மோடு மேலும் அழுத்துகிறது. எனவே காலின் சிறு வலிமையே போதும். ஒருமுறை மட்டும் அவசரமாக நிறுத்துவதானால் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் பெரிய வேறுபாடு இராது. சக்கரத்தைப் பூட்டும் வலிமை இரண்டுக்குமே உண்டு. அதன்பின் எல்லை வகுப்பது டயரும் சாலையும்.

வேறுபாடு வெப்பத்தில் இருக்கிறது. சுமார் 1,100 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் ஒன்றரை லட்சம் ஜூல். 90 கிலோமீட்டரில் அது மூன்றரை லட்சத்தை எட்டிவிடும். நிறுத்தும்போது இவ்வளவும் வெப்பமாக மாறியாக வேண்டும். மலைப்பாதையில் திரும்பத் திரும்ப மிதித்தால் டிரம் சூடேறி விரிந்து ஷூவைவிட்டு விலகும். லைனிங்கின் உராய்வும் குறையும். மிதி கீழே போகும், வண்டி நிற்காது. டிஸ்க்கோ காற்றில் திறந்து கிடக்கிறது. சூடேறினால் தடித்துப் பேடை நோக்கியே வருகிறது. 1953இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் வென்றது இந்த டிஸ்க் பிரேக்குடன்தான். 1955இலேயே சித்ரோயன் டிஎஸ் அதைக் குடும்ப வண்டிக்குக் கொண்டுவந்துவிட்டது.

மழைநீர் வேறு! ஆனி ஆடியில் இந்நகரத் தெருக்களில் முழங்கால் நீர் நிற்பதை நாம் அறிவோம். டிரம்முக்குள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. டிஸ்க் ஒரு சில சுற்றிலேயே அதை உதறிவிடும்.

சரி, ஒர்க்‌ஷாப்பில் நடப்பதென்ன? முன் டிரம்மைக் கழற்றி டிஸ்க்கையும் காலிப்பரையும் மாட்டுவார்கள். 'முடிந்தது ஐயா' என்பார்கள். முடியவில்லை. காலிப்பரின் பிஸ்டன் பெரியது. அதற்குப் பிரேக் ஆயில் மிகுதியாக வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு தராது. மேலும், டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், மிதியை விட்ட பின்னும் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு இருப்பது வழக்கம். அதை அப்படியே விட்டால் பேடுகள் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும். டிஸ்க்குக்குத் தன்னைத் தானே அழுத்திக்கொள்ளும் குணம் கிடையாதாகையால் காலுக்குத் துணையாக வாக்குவம் பூஸ்டர் வேண்டும். பூஸ்டர் வந்தால், முன்பாரம் ஏறிப் பின்பாரம் குறையும் அந்த நொடியில் பின் டிரம்கள் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி சுழலக்கூடும். ஆகவே பின்பக்க அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வும் வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் குழாய்வழி அமைத்தல் இன்னும் நன்று. ஒரே வழியானால் ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும்.

இத்தனைக்கும் பணமோ பொறுமையோ இல்லாதவர் டிரம்மைத் திறந்து சுத்தம் செய்து, நல்ல லைனிங் போட்டு, இடைவெளியைச் சரிசெய்து, மெதுவாக ஓட்டட்டும். அதில் இழிவொன்றும் இல்லை.

பழமைவாதிகளுக்கு ஒன்று கேட்பேன். உங்கள் வண்டியின் முன்னே சாலையைக் கடக்கும் சிறுவன் உங்கள் பழமைப் பற்றுக்கு எப்போது இசைவு தந்தான்? ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை 'வின்டேஜ்' எனப் பதிவு செய்ய 2021இல் வந்த மத்திய விதியும், மாற்றக் கூடாதவையாகப் பெயர் சொல்வது சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகிய மூன்றைத்தான். கழற்றிய டிரம்களுக்கு எண்ணெய் பூசிச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சிக்கு முதல்நாள் மீண்டும் மாட்டிக்கொள்வதை யார் தடுக்கப் போகிறார்கள்?